முரண்டு: ஒரு சொல்லும் இரண்டு நூற்றாண்டும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியை ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

நம்ம பொகவந்தலாவையில் மூன்று சமூகமும் பொதுவாகப் புழங்குகிற சொற்கள் சில உண்டு. அதில் ஒன்று 'முரண்டு'. லயத்தில் அம்மா பிள்ளையைப் பார்த்து "மொரண்டு புடிக்காத" என்கிறார். நம் உம்மாமாரின் வாயிலும் இதே சொல்தான் வரும். சிங்கள வீட்டில் பிடிவாதக்காரப் பிள்ளைக்கு 'முரண்டு' என்றே பெயர், அந்தக் குணத்துக்கு 'முரண்டுகம' என்பார்கள். தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்ட சொல் இது. மொழியால் பிரிந்து கிடக்கிறோம் என்று சொல்லும் நாம், பிள்ளையைத் திட்டுவதில் மட்டும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்!

வரலாறு படிக்கிற, படிப்பிக்கிற நமக்கு இந்தச் சொல்லின் மேல் ஒரு கண் இருக்க வேண்டும். ஏனென்றால் மலையகத்தின் இருநூறு வருடக் கதையில் பெரும்பகுதி, யார் யாரைப் பார்த்து 'முரண்டு' என்று சொன்னார்கள் என்பதில்தான் கிடக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம்.

முரண்டுக்கு அடி 'முரண்'. முரண் என்றால் எதிராக நிற்பது. இந்த முரணில் குறை ஒன்றும் இல்லை. செய்யுளின் ஐந்து தொடைகளில் மோனை, எதுகைக்குப் பக்கத்தில் முரணும் ஒரு தொடை. இரவுக்கு எதிரே பகலையும், இன்பத்துக்கு எதிரே துன்பத்தையும் வைப்பது ஓர் அழகு என்று இலக்கணம் ஒப்புக்கொள்கிறது. பழந்தமிழில் முரணுக்கு வலிமை என்றும் பொருள் உண்டு. எதிர்த்து நிற்பவனுக்குப் பலம் இருக்கும் என்பது அந்தக் காலத்தின் கணக்கு.

அதே முரண் 'முரண்டு' ஆனபோது வாழ்க்கை மாறிவிட்டது. இந்தச் சொல் யாருக்கு ஒட்டுகிறது என்று பாருங்கள். வண்டி மாடு முரண்டு பிடிக்கும். சின்னப்பிள்ளை முரண்டு பிடிக்கும். வேலைக்காரன் முரண்டு பிடிப்பான். முதலாளி முரண்டு பிடித்தார் என்று லேசில் சொல்ல மாட்டோம். அவர் "உறுதியாக நின்றார்". அப்பா முரண்டு பிடித்தார் என்று பிள்ளை சொல்ல முடியாது, அவர் "கண்டிப்பானவர்". மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்துச் சொல்லும் சொல்லாகவே இது பழகிவிட்டது.

தமிழில் பிடிவாதத்துக்குச் சொந்தக்காரச் சொற்கள் நிறைய. சின்னப்பிள்ளை கேட்டால் அது 'அடம்'. கௌரவத்துக்காக நிற்பது 'வீம்பு'. யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கம் 'ஓர்மம்' என்பார்கள், அதில் கொஞ்சம் மெச்சுதலும் இருக்கும். நல்ல காரியத்துக்காக நின்றால் 'வைராக்கியம்'. இந்த வைராக்கியத்தின் கதை சுவாரசியமானது. வடமொழியில் அதற்குப் பற்றில்லாமை, ஆசையை விட்டுவிடுதல் என்று பொருள். தமிழில் அது, எடுத்ததை விடாமல் பிடித்துக்கொள்ளும் உறுதி ஆகிவிட்டது. விடுவதைச் சொல்ல வந்த சொல் பிடிப்பதைச் சொல்லத் தொடங்கியது.

'பிடிவாதம்' என்ற சொல்லோ தன்னைத் தானே விளக்கிவிடும். பிடி, வாதம். ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்பது. என்ன பேச்சு, எதற்காகப் பிடித்தார் என்று அந்தச் சொல் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

இனி மலைக்கு வருவோம்.

1830களின் தொடக்கத்தில், கோல்புரூக் – கமரூன் ஆணைக்குழுவின் காலத்தில், இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. அந்தக் கமரூன் யார் தெரியுமா? நம்ம ஊர் சென். மேரிஸ் தேவாலய வளவில் அடங்கியிருக்கும் சார்ள்ஸ் ஹே கமரூன்தான். அவருடைய மனைவி ஜூலியா மார்கரட் கமரூன் உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர். 1879இல் காலமாகி அவரும் அங்கேயே அடக்கம். வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் தேடி வருவது ஜூலியாவின் கல்லறையை. வரலாற்று மாணவர்கள் பக்கத்தில் இருக்கும் சார்ள்ஸின் பெயரையும் வாசிக்க வேண்டும்.

கட்டாய ஊழியம் போனபின் கிராமத்து மனிதன் தன் வேலைக்குத் தானே எஜமான் ஆனான். மலையில் கோப்பித் தோட்டங்கள் திறந்தபோது துரைமார் அவனைக் கூலிக்கு அழைத்தார்கள். அவனுக்கு வயல் இருந்தது, சேனை இருந்தது. காட்டை வெட்டக் கொஞ்ச நாள் வந்தான், வருடம் முழுக்கத் தோட்டத்தில் கிடக்க மறுத்தான். அந்த மறுப்புக்குத் துரைமார் வைத்த பெயர் 'சோம்பல்'. ஒரு நியாயமான மறுப்பு இப்படிக் குணக்கேடாக எழுதப்பட்டது. இன்றுவரை சிலர் அதை வரலாறு என்று நம்புகிறார்கள்.

மறுக்க வழியில்லாத ஆட்கள் தேவைப்பட்டார்கள். தென்னிந்தியாவின் வறண்ட கிராமங்களிலிருந்து, கடனோடும் கங்காணியோடும், தலைமன்னார்க் கரையிறங்கிக் காட்டு வழியே நடந்து வந்தார்கள் நம் மக்கள். வழியில் இறந்தவர்களுக்குக் கணக்கில்லை. 2023இல், வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் அந்தப் பாதையைத்தான் மறுபடி மிதித்தார்கள்.

வந்தவர்கள் மறுக்காமல் இருந்தார்களா என்றால், இல்லை. இருந்திருந்தால் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் தேவைப்பட்டிருக்காது. அந்தச் சட்டப்படி, வேலைக்கு வர மறுப்பதும், கட்டளைக்குக் கீழ்ப்படியாமல் விடுவதும், திமிராகப் பேசுவதும் குற்றம். அபராதம் உண்டு, சிறையும் உண்டு. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நிறுத்திச் சொல்லுங்கள். ஒரு முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான ஒப்பந்தத்தை மீறினால் உலகத்தில் வழக்கமாக நட்டஈடுதான் கேட்பார்கள். இங்கே ஆளையே சிறையில் போட்டார்கள். முரண்டு பிடிப்பது சட்டப்படியே குற்றமாக இருந்த நாடு இது.

அதே காலத்தில் இன்னொரு பிடிவாதமும் நடந்தது. 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி ஏறக்குறைய அழிந்தது. துரைமார் விடவில்லை, சின்கோனாவை நட்டுப் பார்த்தார்கள், பிறகு தேயிலைக்குத் திரும்பினார்கள். லூல்கந்துரையில் 1867இலேயே தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் வழியில் மலை முழுக்கப் பச்சையானது. அது பெரிய உழைப்புத்தான், மறுக்கவில்லை. வரலாற்று நூல்கள் அதற்கு 'விடாமுயற்சி' என்று பெயர் சூட்டின. கோப்பிச் செடியைப் பிடுங்கித் தேயிலை நட்ட கைகள் யாருடையவை? அந்தக் கைக்காரர் அரை நாள் கூலியைக் கேட்டு நின்றால் அது முரண்டு. மலை ஒன்று, காலம் ஒன்று; ஒருவர் விடாமல் நின்றதற்கு ஒரு பெயர், மற்றவருக்கு இன்னொரு பெயர்.

தோட்டத்தை விட்டுப் போகவும் முடியாது. 'துண்டு' என்று ஒரு காகிதம் இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடலாம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும். அடுத்த தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். மனிதனுக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் இல்லாத வியாபாரம். 1921இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது.

தோட்டத்துக்குள் வெளியாள் நுழையவும் முடியாது, அத்துமீறல் என்று பிடிப்பார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போய் நிலைமையைப் பார்த்தார் என்பது மலையகம் மறக்காத கதை. புடவைப் பொட்டணியோடு வருபவரைக் காவல்காரன் தடுப்பதில்லை. கடைத்தெருவில் வியாபாரம் செய்து வளர்ந்த நம் குடும்பங்களுக்கு இந்த இடம் விளங்கும். தோட்டத்துக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே திறந்திருந்த ஒரே கதவு அந்தப் பொட்டணிதான். நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுக் கட்டிப் பாடி ஆட்களைக் கூட்டினார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து நடேசய்யர் அரசாங்க சபைக்குப் போனார்.

பிறகு முல்லோயா. ஹேவாஹெட்டப் பகுதியில் உள்ள அந்தத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது, 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவி சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். கேட்டது சம்பளமும் சங்கம் வைக்கும் உரிமையும். கிடைத்தது தோட்டா. ஆனால் அதற்குப் பிறகு மலை பழைய மலையாக இருக்கவில்லை. கோவிந்தனின் பெயர் மலையகத் தியாகிகளின் பட்டியலின் தலையில் நிற்கிறது.

சுதந்திரம் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. அடுத்த வருடம் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். பாகிஸ்தான் என்ற பெயரும் அதில் இருப்பதைக் கவனியுங்கள். லயத்து மக்களோடு, இந்தியாவிலிருந்து வந்து கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பங்களும் அதே வரிசையில் நின்று கடதாசி காட்ட வேண்டியிருந்தது. கல்யாணமானவர் 7 வருடம், கல்யாணமாகாதவர் 10 வருடம் தொடர்ந்து இங்கே இருந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். பிறப்புச் சாட்சிப்பத்திரம் என்றால் என்னவென்றே தெரியாமல் லயத்துக் காம்பராவில் பிறந்தவர்கள் எதைக் காட்டுவார்கள்?

இந்த இடத்தில் பிடிவாதத்தின் இன்னொரு பாடம் இருக்கிறது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் அந்தச் சட்டத்தை ஏற்க மறுத்து, விண்ணப்பிக்காதீர்கள் என்று மக்களிடம் சொன்னது. சட்டம் அநியாயம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் விண்ணப்பத்துக்கு 1951இல் கடைசித் திகதி இருந்தது. காலம் நெருங்கியபோது காங்கிரஸ் தன் நிலைப்பாட்டை மாற்றி, எல்லோரும் விண்ணப்பியுங்கள் என்றது. மாற்றாமல் நின்றிருந்தால் கௌரவம் மிஞ்சியிருக்கும், மக்களின் உரிமைக்கோரிக்கை பதிவாகாமலே போயிருக்கும். சுமார் 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. குறைவுதான். ஆனால் பிடியைத் தளர்த்தியதால்தான் அந்தக் குறைவும் கிடைத்தது. எதைப் பிடிப்பது என்பதோடு எப்போது விடுவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

1952இல் வாக்காளர் இடாப்பிலிருந்து பெயர்கள் நீக்கப்பட்ட நிலையில், தொண்டமான், அப்துல் அஸீஸ் போன்ற தலைவர்களைக் கொண்ட காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தது. அஸீஸ் குஜராத்தின் போர்பந்தரில் பிறந்தவர், காந்தி பிறந்த அதே ஊர். தோட்டத் தொழிலாளிக்காகக் கொழும்பிலும் மலையிலும் வாழ்நாளைச் செலவிட்ட ஒரு முஸ்லிம் தலைவரை நம் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துங்கள். பல பேருக்குப் பெயரே தெரியாது.

'சத்தியாக்கிரகம்' என்ற சொல்லையும் ஒருதரம் பிரித்துப் பார்ப்போம், நம் தலைப்புக்கு அது நேரே வருகிறது. சத்தியம், ஆக்கிரகம். ஆக்கிரகம் என்றால் இறுகப் பிடித்தல். கிரகித்தல், கிரகணம் என்று நாம் சொல்வதெல்லாம் அதே வேர். அப்படியானால் சத்தியாக்கிரகம் என்பது உண்மையைப் பிடித்த பிடி. பிடிவாதத்துக்குச் சொந்தத் தம்பி. பிடித்த பொருள் பிழையானால் அதற்கு வேறு பெயர் உண்டு: துராக்கிரகம். இரண்டிலும் பிடி ஒன்றுதான்.

இந்தச் சொல் பிறந்த கதையில் முஸ்லிம்களுக்கும் பெரிய பங்கு உண்டு. தென்னாபிரிக்காவின் டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் எல்லோரும் கைரேகை வைத்துப் பதிய வேண்டும் என்று சட்டம் கொண்டுவரப் பார்த்தார்கள். 1906 செப்டம்பர் 11ஆம் திகதி ஜொஹன்னஸ்பர்க்கில் எம்பயர் தியேட்டரில் கூட்டம். சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்ற தீர்மானத்தை, கடவுளைச் சாட்சியாக வைத்து எடுக்க வேண்டும் என்று எழுந்து சொன்னவர் ஹாஜி ஹபீப் என்ற வியாபாரி. சும்மா கைதூக்கும் தீர்மானம், அல்லாஹ்வை முன்வைத்த சத்தியமாக மாறியதை காந்தியே பிறகு விரிவாக எழுதியிருக்கிறார். அந்தப் போராட்டத்தில் நின்ற இன்னொருவர் அஹமத் முஹம்மத் கச்சாலியா. போராட்டத்தை விடு, இல்லாவிட்டால் கடனை உடனே கட்டு என்று வெள்ளைக்காரக் கடன்காரர்கள் நெருக்கினார்கள். அவர் கடையை இழந்தார், ஒருசதம் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் கடன் தீர்த்தார், கொள்கையை விடவில்லை. கடன்காரர்களின் கண்ணில் அவர் ஒரு முரண்டுக்கார வியாபாரி. நம் கண்ணில்?

மலைக்குத் திரும்புவோம். 1964 ஒக்டோபர் 30, சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரின் தலைவிதியை இரண்டு தலைவர்கள் ஒப்பமிட்டுப் பங்கு போட்டார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் அங்கே, 3 இலட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் அதையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்று அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. மலைநாட்டு ஸ்டேஷன்களிலிருந்து புறப்பட்ட ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'அழுகைக் கோச்சி'. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் கிழிந்தன.

எல்லோரும் போகவில்லை. இந்தியக் கடவுச்சீட்டு கையில் இருந்தும் போகாமல் நின்றவர்கள் உண்டு. "நாங்க பொறந்தது இங்க, புதைச்சது இங்க" என்று நின்றார்கள். 1984இல் தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பலும் நின்றுபோனது. கடைசியில் 1986, 1988, 2003 ஆண்டுகளில் வந்த சட்டங்கள் எஞ்சியவர்களின் பிரஜாவுரிமையை ஒத்துக்கொண்டன. 1948இல் பறித்ததை முழுதாகத் திருப்பிக் கொடுக்க 55 வருடம். அந்த 55 வருடமும் அதிகாரிகளின் கோப்பில் "போக மறுப்பவர்கள்". இன்று நம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் அப்படிப் போக மறுத்தவரின் பேரன், பேத்தி! அவர்கள் முரண்டு பிடித்திராவிட்டால் நம் பாடசாலை இடாப்பில் பாதிப் பெயர் இருக்காது.

1977 மே 11ஆம் திகதியையும் சொல்ல வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை எடுத்துப் பகிர்ந்து கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து மக்கள் திரண்டபோது, டெவன் தோட்டத்து சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். காணியில் அவருக்குச் சொந்தமாக ஓர் அடி இல்லை. ஆனால் அந்த மண் போனால் லயத்து மக்களுக்கு நிற்க இடமில்லை என்று தெரிந்திருந்தது. அந்தத் திட்டம் அதோடு நின்றது.

பெண்களின் பங்கை விட்டுவிட முடியாது. ஆணும் பெண்ணும் ஒரே மழையில் நனைந்து உழைத்தும், சம்பளத்தில் நீண்ட காலம் வித்தியாசம் இருந்தது. 1984இல் சங்கங்கள் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்த பிறகே சம சம்பளம் வந்தது. அதன் பிறகு ஆயிரம் ரூபாய்க் கதை நம் எல்லோருக்கும் தெரியும். வருடக்கணக்காகக் கேட்டு, 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்தது. வந்ததும் தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2024இல் 1,700 ரூபாய் வர்த்தமானிக்கும் அதே கதை. சம்பளம் கேட்டவரைப் பார்த்து 'பிடிவாதம்' என்று எழுதிய பேனாக்கள், கொடுக்க மறுத்தவரைப் பார்த்து 'நிலைப்பாடு' என்று எழுதின. நூறு வருடத்துக்குப் பிறகும் அகராதி மாறவில்லை.

இனி நம் மார்க்கம் இந்தச் சொல்லை எங்கே வைக்கிறது என்று பாருங்கள். பிடிவாதக்காரனுக்கு அரபியில் 'அனீத்'. குர்ஆனில் ஹூத் அத்தியாயத்திலும் இப்றாஹீம் அத்தியாயத்திலும் அந்தச் சொல் வரும் இடங்களில் அதன் பக்கத்தில் இன்னொரு சொல் நிற்கிறது: 'ஜப்பார்', அதாவது அடக்கி ஆளும் கொடுமைக்காரன். முரண்டு என்ற குற்றத்தை அல்லாஹ்வின் வேதம் ஏழையின் தலையில் போடவில்லை. அதிகாரத்தில் இருந்துகொண்டு உண்மையைக் கேட்க மறுப்பவனின் தலையில் போடுகிறது. நேர்வழியில் அசையாமல் நிற்பவருக்கு வேறு சொல்: 'இஸ்திகாமத்', நிமிர்ந்து நிற்றல்.

பிலால் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். கொதிக்கும் மணலில் படுக்கவைத்து நெஞ்சில் பாறையை ஏற்றிய உமையாவின் கண்ணில் அவர் சொன்னதைக் கேளாத, முரண்டு பிடித்த அடிமை. நமக்கோ அவர் பாங்கொலியின் முதல் குரல். 1865ஆம் ஆண்டுச் சட்டம் உமையாவின் பக்கம் நின்று எழுதிய சட்டம்.

வள்ளுவரும் இரண்டையும் கலக்கவில்லை. எடுத்த காரியத்தில் மன உறுதியை 67ஆம் அதிகாரத்தில், வினைத்திட்பம் என்று வைத்தார். பிறர் சொன்னாலும் கேளாமல், தானாகவும் உணராமல் இருப்பவனை 85ஆம் அதிகாரத்தில், புல்லறிவாண்மையில் வைத்தார். இரண்டுக்கும் நடுவே பதினெட்டு அதிகாரத் தூரம்.

ஆகவே ஒருவரைப் பார்த்து 'முரண்டு' என்று சொல்ல வாயெடுக்கும் முன் மூன்று கேள்வி கேட்போம். அவர் பிடித்திருப்பது என்ன? அவர் அதை விட்டால் யாருக்கு நட்டம்? அவருடைய காது திறந்திருக்கிறதா?

முல்லோயாவுக்கும் டெவனுக்கும் இந்தக் கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். பிறகு நம் வீடுகளுக்கும் போடுங்கள். சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த மகளை "போதும், வீட்டில் இரு" என்று நிறுத்தும் வாப்பாவின் பிடிவாதம் எந்த அதிகாரத்தில் சேரும்? மகள் அழுது நின்றால் அதை 'அடம்' என்கிறோம். பதினான்கு வயதில் மகனைக் கொழும்புக் கடைக்கு அனுப்பும் தகப்பனார், பிள்ளை போக மறுத்தால் 'மொரண்டு' என்கிறார். கட்சிக்கொரு சங்கம், சங்கத்துக்கொரு தலைவர் என்று பிரிந்து, சம்பளப் பேச்சில் ஒரே மேசைக்கு வராத நம் தலைவர்களின் பிடிவாதம்? அங்கே காது மூடியிருக்கிறது. அது அனீத்.

பாடசாலையில் இந்தச் சொல் இன்னும் கவனமாகப் புழங்க வேண்டிய ஒன்று. ஆசிரியர் வாயிலிருந்து விழும் சொல் பிள்ளையின் நெற்றியில் ஒட்டிவிடும். 'பிடிவாதக்காரன்' என்று ஆறாம் ஆண்டில் ஒட்டினால் பதினோராம் ஆண்டு வரைக்கும் உரியாது. எழுந்து வாசிக்க மறுக்கும் பிள்ளைக்கு எழுத்துத் தெரியாமல் இருக்கலாம்; சக பிள்ளைகளுக்கு முன்னால் அது தெரியவரக்கூடாது என்பதே அவன் பிடித்திருக்கும் பொருள். விளையாட்டுக்கு வர மறுக்கும் பிள்ளையின் சப்பாத்தின் அடி பிய்ந்திருக்கலாம். அம்மா வெளிநாட்டில், அப்பா கொழும்பில், பாட்டியின் பொறுப்பில் வளரும் பிள்ளை யாரிடமும் எதையும் கேட்காமல் விறைத்து நிற்கலாம். அந்த விறைப்பைத் திமிர் என்று எழுதினால், துரையின் அகராதியை நாம் கையில் எடுத்தவர்கள் ஆவோம். அருகே போய் "என்ன மகன், என்ன விசயம்?" என்று ஒருதரம் கேட்டால் பாதி முரண்டு அவிழ்ந்துவிடும். மீதிப் பாதியில்தான் அந்தப் பிள்ளையின் பலம் இருக்கிறது. கணக்கு வரும் வரை விடாமல் போட்டுப் பார்ப்பதற்கும் அதே பலம்தான் வேண்டும். பழந்தமிழ் முரணுக்கு வலிமை என்று சும்மா பொருள் வைக்கவில்லை.

வரலாற்றுப் பாடத்தில் பராக்கிரமபாகுவையும் படிப்பிப்போம், கோல்புரூக் ஆணைக்குழுவையும் படிப்பிப்போம். பாடநூலில் கோவிந்தனும் லெட்சுமணனும் நடேசய்யரும் மீனாட்சி அம்மாளும் அஸீஸும் எத்தனை வரி பெறுகிறார்களோ தெரியாது, ஒரு பாடவேளையில் பத்து நிமிடம் நாமே கொடுக்கலாம். உன் பாட்டன் போக மறுத்ததால்தான் நீ இந்த வாங்கில் இருக்கிறாய் என்று ஒரு பிள்ளைக்குத் தெரிந்தால், அவன் நடக்கும் நடையே மாறும்.

உங்கள் தோட்டத்தில், உங்கள் குடும்பத்தில் இப்படி நின்ற பெரியவர்கள் இருந்தால், அவர்களின் கதையைப் பிள்ளைகளைக் கொண்டு எழுதி வையுங்கள். பாட்டிமார் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். அவர்களை யார் யார் 'முரண்டு' என்று ஏசினார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வரலாறு அந்த ஏச்சில்தான் ஒளிந்திருக்கும்.

அநியாயத்துக்கு முன் அசையாத மனத்தையும், உண்மைக்கு முன் இளகும் மனத்தையும் அல்லாஹ் நம் எல்லோருக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.